எதிர்ப்பு: ஒன்று

ஜனவரி 9

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இல்லை, அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் எழுதுவது தப்பு என்றால், தப்புதான். முதலில் எழுதி முடிக்கிறேன், பிறகு காட்டுகிறேன்.

உங்கள் கால் எப்படி இருக்கிறது? படி ஏறக்கூடாது என்று மருத்துவர் சொன்னதை மூன்றாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு நினைத்துப் பார்த்திருப்பீர்கள். எனக்கு மூக்கு அடைத்திருக்கிறது. விடுதி அறையின் ஜன்னல் மூடுவதில்லை. மற்றபடி நடமாடிக்கொண்டு இருக்கிறேன். போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை, எனக்குப் பொறுமை இருப்பதில்லை. நமக்குக் கடிதமே நல்லது.

விஷயம் இதுதான். காகித ஆலை வேலைநிறுத்தத்தைப் பற்றி இதுவரை இரண்டு புத்தகங்கள் வந்திருக்கின்றன. இரண்டும் என் மேசையில் அக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. சங்கம் போட்ட மலர்: "அறுநூறு நெஞ்சங்கள் ஒன்றாகத் துடித்த நாளில் ஒரு கருங்காலி மட்டும் எழுந்து நின்றான்." முதலாளி குடும்பம் வழவழப்பான தாளில் போட்ட ஆலை வரலாறு: "அறுநூறு பேர் கூச்சலிட்ட நாளில் ஒரு தொழிலாளி மட்டும் நிதானமாக எழுந்து நின்றார்."

இரண்டிலும் எழுந்து நிற்பது அப்பாதான்.

மூன்றாவதை நான் எழுதுகிறேன். ஆய்வேட்டின் நான்காம் இயல். தலைப்பு, "தனிக் கை". அப்பா கருங்காலியும் இல்லை, முதலாளிக்கு நல்லபிள்ளையும் இல்லை. தனக்குச் சரி என்று பட்டதை ஊருக்கு நடுவில் நின்று சொன்ன மனிதர். என் நெறியாளர் படித்துவிட்டு, "இந்த மாற்றுக் குரலைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்" என்றார்.

அன்று சங்கத்தின் தட்டச்சர் நீங்கள். கூட்டத்தின் மினிட்ஸ் எழுதியது நீங்கள். வேலைநிறுத்த வாக்கெடுப்பு அன்று அப்பா என்ன பேசினார்? "ஆனா" என்றுதான் ஆரம்பித்திருப்பார். ஆலையில் அவருக்கு அதுதான் பெயராம். வீட்டில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதற்கு அடுத்த வார்த்தை எனக்கு வேண்டும்.

கால் ஓய்வெடுக்கட்டும். கை எழுதட்டும்.

வாலு


ஜனவரி 28

வாலுக்கு,

கடிதம் வந்த அன்றே படித்தேன். இரண்டு முறை. கண்ணில் புரை என்கிறார்கள், அதனால் இரண்டு முறை. பசிக்கிறது, தூக்கம் வருகிறது. இந்த வயதில் இதற்கு மேல் என்ன வேண்டும்? நீ ஆவி பிடி. உன் அப்பாவுக்கு இருமல் விட்டதா? பாய்லர் புகை நெஞ்சில் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்காது.

நீ இவ்வளவு தூரம் படித்தது பெருமையாக இருக்கிறது. சங்க ஆபீஸ் உனக்குத் தெரியாது. தகரக் கூரை, ஒரு மேசை, இரண்டு கால் நாற்காலி என்று செயலாளர் சொல்வார். மற்ற இரண்டு காலும் செங்கல். அந்த டைப்ரைட்டரில் ஓர் எழுத்து எப்போதும் வரிக்கு மேலே ஏறி உட்காரும். "நம்ம சங்கத்துல முன்னேறுறது அது ஒண்ணுதாம்மா" என்பார்.

உன் அப்பா ஆனா போடாத கூட்டம் கிடையாது. தேநீர்க் கடையை மாற்றலாமா என்று ஒரு தடவை பேச்சு வந்தது. "ஆனா, பழைய கடைக்காரன் நம்மள என்ன பண்ணான்?" என்று எழுந்துவிட்டார். முக்கால் மணி நேரம். கடை மாறவில்லை.

அந்த நாளில் என்ன பேசினார் என்று கேட்கிறாய். மூன்று ஷிஃப்டுக்கு மூன்று கூட்டம். ஃபேன் சத்தம். முப்பது வருஷம் ஆகிவிட்டது. மினிட்ஸில் இருப்பதுதான் இருப்பது.

வேறு யாரையாவது பற்றி எழுத முடியாதா? காகிதக் கூழ்த் தொட்டியில் விழுந்து பிழைத்தவர் ஒருவர் இருந்தார். நல்ல கதை அது.

வேளைக்குச் சாப்பிடு.

பெரியம்மா


பிப்ரவரி 8

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

மூக்கு திறந்துவிட்டது. உங்கள் கண்ணைப் பற்றி ஒரே வரியில் எழுதித் தப்பித்துக்கொண்டீர்கள். அறுவை எப்போது?

கூழ்த் தொட்டியில் விழுந்தவரையே பார்த்தேன். மொத்தம் மூன்று பேர். எல்லாம் ஒலிப்பதிவில் இருக்கிறது.

கூழ்த் தொட்டிக்காரர்: "உங்கப்பா பெஞ்சு மேல ஏறி நின்னான் பாரு, சட்டை பூரா கரி. கை நடுங்கல. நல்லாத்தான் பேசினான். அதான் வயிறு எரிஞ்சுது." அவர் பகல் பன்னிரண்டு மணிக் கூட்டத்துக்குப் போனவர். "நான் நேர்ல பாக்கலம்மா. அவன் பேசினது மூணு மணிக்கு. பாத்தவங்க சொன்னாங்க."

லாரி ஓட்டுநர்: "பெஞ்சுல எல்லாம் ஏறல. உக்காந்த எடத்துலயே. சத்தமே இல்லாம, ஊசி ஏத்துற மாதிரி." அவர் போனது காலை ஏழு மணிக் கூட்டம்; அப்பா பேசியது பன்னிரண்டு மணிக்காம்.

மூன்றாமவர் வெட்டு இயந்திரக்காரர். இப்போது வேலைநிறுத்த நினைவுக் குழுவுக்குத் தலைவர். மூன்று மணிக் கூட்டத்தில் முதல் வரிசையில் இருந்தவர். என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் வைத்தே சொன்னார்: "பன்னெண்டு மணிக் கூட்டத்துலயே புகுந்து பேசிட்டுப் போயிட்டான். மூணு மணிக்கு எங்க மூஞ்சில முழிக்கத் தைரியம் இல்ல." இவரும் அப்பாவும் ஒரு காலத்தில் ஒரே தேநீரைப் பாதிப் பாதியாகக் குடித்தவர்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். முப்பது வருஷமாகப் பேச்சு இல்லை.

நினைவு இப்படித்தான் வேலை செய்கிறது. "வாய்மொழிச் சான்றுகள் விவரங்களில் மாறுபடுகின்றன" என்று ஓர் அடிக்குறிப்பு போட்டுவிட்டேன். எண் 31. எனக்கு வேண்டியது சின்ன விஷயம். மினிட்ஸில் "பாய்லர் பிரிவு உறுப்பினர் ஒருவர் எதிர்த்துப் பேசினார். ஆதரவு: 611. எதிர்ப்பு: 1" என்று மட்டும் இருக்கிறது. மூன்றில் எந்தக் கூட்டம்?

படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள்.

வாலு


மார்ச் 22

பெரியம்மாவுக்கு,

ஆறு வாரம். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பக்கத்து வீட்டுக்காரரிடம் போன் செய்து விசாரித்தேன். "காலையில தபால் பெட்டிகிட்ட நின்னாங்களே, நல்லா இருக்காங்க" என்றார். அப்படியானால் சரி.

ஒரு செய்தி. பழைய ஆலை வாசலில் நினைவுக் குழு கல் வைக்கிறது. ஜூலை பத்தாம் தேதி திறப்பு. வாசகம் முடிவாகிவிட்டது: "இங்கே 611 பேர் ஒன்றாகக் கை உயர்த்தினோம். எதிர்ப்பு: 1."

அப்பா தினமும் கடைக்குப் போகிற வழி அது. பெயர் இல்லை. எதற்குப் பெயர்? ஊரில் எல்லோருக்கும் அந்த ஒன்று யார் என்று தெரியும்.

கடைசி வரியை எடுத்துவிடக் கேட்டு வெட்டு இயந்திரக்காரருக்கு எழுதினேன். பதில் ஒரே வரி: "நடந்ததை யாரும் மாத்த முடியாது, பாப்பா." என் இயல் அதற்குள் அச்சில் வந்துவிட வேண்டும். கல்லுக்கு எதிராக என்னிடம் இருப்பது அதுதான்.

எந்தக் கூட்டம் என்று மட்டும் எழுதுங்கள். ஓர் அஞ்சலட்டை போதும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாலு


ஏப்ரல் 5

வாலுக்கு,

எழுந்து நடமாடுகிறேன். கண் மட்டும் மோசமாகிக்கொண்டு வருகிறது. மே மாதம் அறுவைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். கீழ் வீட்டில் குழாய் உடைந்து இரண்டு நாள் தண்ணீர் இல்லை. உனக்குப் பரீட்சை ஏதாவது உண்டா, அல்லது ஆய்வு என்றால் பரீட்சை கிடையாதா?

அந்தக் கல்லில் எழுத்து வெட்டியாகிவிட்டதா, இனிமேல்தானா?

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் அப்பாவைப் பெரிய ஆளாக்காதே. அவர் சின்ன ஆள் என்று சொல்லவில்லை. அவர் வேறு மாதிரி. மாற்றாள் வராமல் அன்றைக்கு இரண்டு ஷிஃப்டும் பாய்லர் முன்னாலேயே நின்ற மனிதரைப் போய்...

கண் வலிக்கிறது. இத்தோடு நிறுத்துகிறேன். அவருடைய இருமலுக்கு வெந்நீர் குடிக்கச் சொல்.

பெரியம்மா


ஏப்ரல் 16

பெரியம்மாவுக்கு,

கண்ணுக்கு நாள் கிடைத்தது நல்ல செய்தி.

நீங்கள் பாதியில் விட்ட வாக்கியத்தைப் பத்து நாளாகப் படிக்கிறேன்.

பாய்லர் பதிவேடு இங்கே பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. முதலாளி குடும்பம் கொடுத்த பெட்டிகளில் பதினேழாவது. இதுவரை நான் அதைத் திறக்கவில்லை. அழுத்தம், நீர் மட்டம், நிலக்கரி. அதில் வரலாறு இருக்காது என்று நினைத்திருந்தேன்.

அரை மணிக்கு ஒரு வரி. வரிக்கு ஒரு கையெழுத்து. அந்த நாளின் பக்கத்தில் காலை ஆறு முதல் இரவு பத்து வரை முப்பத்து மூன்று வரிகள். எல்லாம் அப்பாவின் கை. ஓர் இடத்தில்கூட இடைவெளி இல்லை. கூட்டம் நடந்த கிடங்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம். நடந்து போக இருபது நிமிடம், வர இருபது. நானே நடந்து பார்த்தேன்.

ஏழு மணிக் கூட்டத்தில் அவர் இல்லை. பன்னிரண்டில் இல்லை. மூன்றில் இல்லை.

அடிக்குறிப்பு 31-ஐ எடுத்து மறுபடி படித்தேன். மூன்று பேருமே தாங்கள் போகாத கூட்டத்தில்தான் அவர் பேசியதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒலிப்பதிவு என்னிடம் இரண்டு மாதமாக இருக்கிறது. நான் கேட்கவே இல்லை.

பெரியம்மா, அங்கே பேசியது யார்?

வாலு


ஜூன் 2

வாலுக்கு,

ஏழு வாரம் ஆயிற்று. அறுவை நன்றாக முடிந்தது. இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அது ஒன்றும் சௌகரியமாக இல்லை. நீ சாப்பிடுகிறாயா? அவருடைய இருமல்?

யாரும் பேசவில்லை.

அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை நாள். மீதி சுலபம்.

மினிட்ஸைக் கூட்டத்துக்கு முந்தின நாளே தட்டி வைப்பது எங்கள் பழக்கம். ஏமாற்று என்று நாங்கள் நினைத்ததில்லை. ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் கூட்டம் கலைந்ததும் பஸ்ஸுக்கு ஓடுவான். உள்ளே நுழையும்போதே கையெழுத்து வாங்கியாக வேண்டும். கையெழுத்துக்குத் தாள் வேண்டும். என்ன நடக்கும் என்றும் தெரியும். யார் முன்மொழிவார், யார் வழிமொழிவார், யார் முதலில் கை தட்டுவார். சில சமயம் செயலாளரே என் தாளைப் பார்த்துத்தான் பேசுவார்.

அதற்கு முன் இரண்டு தீர்மானங்களைத் தொழிலாளர் அதிகாரி திருப்பி அனுப்பியிருந்தார். "அறுநூறு பேர்ல ஒருத்தன்கூட மாட்டேன்னு சொல்லலையா? இது கூட்டம் இல்ல, கதை" என்றாராம். வாக்கெடுப்பு செல்லாது என்றால் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். எல்லோரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பலாம். செயலாளர் என் மேசைக்கு வந்தார். "இந்தத் தடவை ஒரு எதிர்ப்பு இருக்கட்டும்மா. அப்பதான் நெஜம் மாதிரி இருக்கும்."

யாரை என்று அவர் சொல்லவில்லை. நான்தான் போட்டேன். யோசிக்கக்கூட இல்லை. உன் அப்பா எழுந்து ஆனா போடுவார், போட்டுவிட்டு எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்குவார். எத்தனை வருஷமாகப் பார்த்தது! அவர் எப்படியும் சொல்லப்போவதை ஒரு நாள் முன்னால் எழுதுகிறேன், அவ்வளவுதானே என்று நினைத்தேன். மூன்று மணிக்கு வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மத்தியானமே எழுநூறு பிரதி ஓடியாகிவிட்டது. "விடும்மா, அவன் எப்பவும் சொல்றதுதானே" என்றார் செயலாளர்.

அதிகாரி முதலில் படித்தது அந்த வரியைத்தானாம். "இப்பதான் கூட்டம் மாதிரி இருக்கு" என்று முத்திரை குத்தினார்.

611-ம் அப்படித்தான். உறுப்பினர் பட்டியலில் ஒன்றைக் கழித்துத் தட்டினேன். கைகள் நிறைய உயர்ந்தன. யாரும் எண்ணவில்லை.

மறுநாள் பாய்லர் வாசலுக்குப் போய் உன் அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். "பேசாததுக்கே இந்தப் பேரா? பேசியிருந்தா?" என்றார். அப்புறம், "நான் அங்க இல்லன்னு சொன்னா என்ன ஆகும்?" என்று கேட்டார். ஸ்டிரைக் செல்லாமல் போகும் என்றேன். "சரி" என்றார். அந்தச் சரிக்குப் பிறகு ஆனா வரும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை.

எழுபத்தோராம் நாள் ஆட்கள் வேலைக்கு உள்ளே போக ஆரம்பித்தார்கள். ஆலையும் அடுத்த வருஷம் மூடிவிட்டது. தோற்றவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். அது என் தாளில் தயாராக இருந்தது. வேலைநிறுத்தம் செல்லுமா என்ற வழக்கு பதினொரு வருஷம் நடந்தது, அதுவரை வாய் திறக்கக்கூடாது. அது முடிவதற்குள் செயலாளர் போய்ச் சேர்ந்துவிட்டார். நானும் ஊரை விட்டு வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

உன் அம்மாவுக்குத் தெரியாது. ரேஷன் கடை வரிசையில் அவள் போய் நின்றால் மற்றவர்கள் விலகி நிற்கிறார்கள் என்று ஒரு தடவை எனக்கு எழுதியிருந்தாள். பதிலில் நான் வெயிலைப் பற்றி எழுதினேன்.

அவள் சாவுக்கு நான் வராமல் இருந்தது கால் வலியால் இல்லை.

பெரியம்மா


ஜூன் 9

பெரியம்மாவுக்கு,

உடம்பு எப்படி என்று கேட்டு ஆரம்பிக்க முடியவில்லை. பார்க்கலாம், கடைசியில் கேட்கிறேனா என்று.

கோபம் உங்கள்மேல்தான் என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு "தனிக் கை"யை எடுத்துப் படித்தேன். நாற்பத்திரண்டு பக்கம். கூட்டத்துக்கு எதிரே ஒரு மனசாட்சி, அது, இது. செயலாளர் ஒரு எதிர்ப்பு கேட்டார், நீங்கள் கொடுத்தீர்கள். நெறியாளர் ஒரு மாற்றுக் குரல் கேட்டார், நான் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் கையில் கிடைத்தது அதே மனிதர்.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பா வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முதல் பக்கம் முடிவதற்குள் குறுக்கிட்டார்.

"கண்ணு சரியாயிடுச்சாமா அவங்களுக்கு?"

"அதுவாப்பா இப்ப முக்கியம்?"

"புரை எடுத்தா கொஞ்ச நாளைக்கு வெளிச்சம் கூசும். குனியக் கூடாது. எழுதிடு."

முழுவதும் படித்தேன். பெடலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்பா சொல்லல?"

"எப்ப சொல்ல? ஸ்டிரைக் அப்ப சொன்னா ஸ்டிரைக் போச்சு. கேஸ் நடக்கும்போது சொன்னா கேஸ் போச்சு. எல்லாம் போனப்புறம் சொன்னா எவன் காது குடுப்பான்?"

"அம்மாகிட்டயாவது?"

துணியை எடுத்துச் சங்கிலியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"உங்கம்மாவுக்கு ரகசியம் தங்காது. ஒவ்வொரு வீடா ஏறிச் சண்டைக்குப் போயிடுவா." துணியைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லியிருக்கலாம்" என்றார்.

பிறகு என்னைக் கேட்டார்.

"நீ என்னை என்னவா எழுதியிருக்க?"

"தனியா எதுத்து நின்ன ஆளா. தைரியசாலியா."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"அதுக்குக் கருங்காலியே தேவலாம்மா. அப்படிச் சொன்னவங்களாவது என்கூட வேலை பாத்தவங்க."

இப்போது என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதினால் எதிர்ப்பு 1 விழும். கூடவே 611-ம் விழும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு முப்பது வருஷம் நிமிர்ந்து நடந்தவர்கள் இருக்கிறார்கள். அதைக் காப்பாற்றத்தான் அப்பா வாயை மூடிக்கொண்டார். எழுதாவிட்டால் அவர் அந்தக் கல்லைத் தாண்டித் தினமும் கடைக்குப் போவார். ஒரு நாள் போவதும் நின்றுவிடும்.

வெளிச்சத்தில் நிற்காதீர்கள். குனியாதீர்கள். இது அப்பா சொன்னது. நான் இன்னும் கேட்கவில்லை.

வாலு


ஜூன் 19

வாலுக்கு,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நன்றாக இருக்கிறேன். குனிவதில்லை.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தட்டச்சு செய்யவில்லை, கையால்தான். தட்டினால் நானே நம்பமாட்டேன். சாட்சிக்குப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "எந்தத் தேதிம்மா போடணும்?" என்று கேட்டார். இன்றைய தேதியையே போடுங்கள், முன்தேதி வேண்டாம் என்றேன்.

இதை நீ அச்சில் போடு, பெட்டியில் போடு, அடுப்பில் போடு. என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று மட்டும் பார்க்காதே. நான் வருகிறேன் என்றால் உன் அப்பா வீட்டுக் கதவு திறக்குமா என்று கேட்டுச் சொல்.

ஒழுங்காகத் தூங்கு.

பெரியம்மா


ஜூன் 25

மகளுக்கு,

இருமல் குறைந்திருக்கிறது. நீ வாங்கி வந்த மருந்து கசக்கிறது, ஆகவே வேலை செய்கிறது.

கல்லைப் பார்த்தேன். கல்தச்சன் ஒருவன் எழுத்து வெட்டிக்கொண்டிருந்தான். நல்ல கை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அந்த ஒருத்தர் யார் என்று என்னிடமே கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். தேநீர் வாங்கிக் கொடுத்தான்.

உன் பெரியம்மாவை வரச் சொல்.

எனக்கு ஒரே ஒரு காரியம் ஆக வேண்டும். அன்றைக்கு நான் ஓட்டுப் போடவில்லை. மாற்றாள் வந்திருந்தால் போட்டிருப்பேன், ஆதரவாக. இதை எங்கேயாவது எழுதி வை. எங்கே என்பது உன் இஷ்டம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


ஜூலை 4

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? கண்? கால்? போன தடவைக்கும் சேர்த்துக் கேட்டுவிட்டேன்.

அப்பா வீட்டிலிருந்து எழுதுகிறேன். "தனிக் கை" இப்போது இல்லை. நாற்பத்திரண்டு பக்கத்துக்குப் பதில் ஐந்து பக்கம். பதிவேட்டின் முப்பத்து மூன்று வரிகள், உங்கள் தாள், அப்பாவின் அஞ்சலட்டை. மூன்றையும் அப்படியே வைத்திருக்கிறேன். நெறியாளரிடம் சொன்னேன். "இதுல உன் வாதம் எங்க?" என்று கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

அறுநூறு சொச்சம் ஓட்டுகளில் எனக்கு உறுதியாகத் தெரிவது ஒன்றே ஒன்றுதான். போடாத ஓட்டு.

உறுதி என்று எழுதிவிட்டு அதையும் யோசித்தேன். முப்பது வருஷம் கழித்துச் சொல்கிற ஆதரவு, அதுவும் பெற்ற மகளிடம். வேறு யாருடைய அப்பாவாவது சொல்லியிருந்தால் அடிக்குறிப்பில் சந்தேகம் எழுப்பியிருப்பேன். எழுப்பிவிட்டேன். எண் 6. அப்பா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் படித்தார். "சரியாத்தான் சந்தேகப்பட்டிருக்க" என்றார். "ஆனா..."

முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டது இதுதான் முதல் தடவை.

அச்சுக்குப் போகும் முன் வெட்டு இயந்திரக்காரர் இதைப் படிக்க வேண்டும். கல் திறக்க ஆறு நாள் இருக்கிறது. அவர் கிழித்துப் போடலாம். கதவைத் திறக்காமலே இருக்கலாம். 611 அவருடைய எண். அதைத் தொடுகிறேன் என்றால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கதவு திறக்குமா என்று கேட்டிருந்தீர்கள். அம்மாவின் மெத்தையை நேற்று அப்பா வெயிலில் காயப்போட்டார். கேட்டதற்கு, "மாடி ஏற வேண்டாம்னு சொல்லு, கீழயே போட்டிருக்கேன்" என்றார். எந்த ரயில் என்று எழுதுங்கள். நான் வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அவர் இப்போது சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

வாலு


வாலு உறையை ஒட்டினாள். ஐந்து பக்கங்களையும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு வெட்டு இயந்திரக்காரரின் வீட்டுக்குப் புறப்பட்டாள். கடிதத்தைப் போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டாள்.